எங்கள் வீட்டில் எதையும் கவிழ்ப்பதில்லை

மாநகராட்சி ஆட்டோ எங்கள் தெருவுக்குள் வரும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். ஆட்டோவின் மேல் கட்டியிருக்கும் ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற மாதிரி, "டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். வாளிகளை, தொட்டிகளை, பயன்படுத்தாத பாத்திரங்களைக் கவிழ்த்து வையுங்கள்" என்று சொல்லிக்கொண்டே போகும். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி ஒரு நாள் ராயபுரத்துக்கு வந்து, கடலோரம் கடைசி வீட்டில் என் மாமியார் இருதயம்மாளிடம் இதே வார்த்தையைச் சொல்லிப் பார்க்கட்டும். அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் எதையும் கவிழ்ப்பதில்லை. வாளி, அண்டா, குடம், கழுவின டம்ளர் என்று எல்லாம் வாயைத் திறந்துகொண்டு வானத்தைப் பார்த்தபடிதான் இருக்கும். வீட்டு ஆண்பிள்ளை கடலில் இருக்கும்போது கரையில் ஒரு கரண்டிகூடக் குப்புறக் கிடக்கக் கூடாது என்பது அத்தையின் சட்டம். கல்யாணமாகிக் காலடிப்பேட்டையிலிருந்து நான் வந்த புதிதில், டம்ளர்களைக் கழுவி நீர் வடியட்டும் என்று கவிழ்த்து வைத்தேன். அத்தை பின்னாலேயே வந்து ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார். நான் கழுவினது சரியில்லை என்று நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி கழுவினேன்.

விஷயத்தைச் சொன்னது என் கணவர் ஜெரி. அவருடைய அப்பா செல்வநாதன் கடலுக்குப் போன கடைசி நாளில், அத்தை சோற்றுப் பானையைக் கழுவி முற்றத்தில் கவிழ்த்து வைத்திருந்தாராம். மதியத்துக்குள் கடலில் படகு கவிழ்ந்துவிட்டது. மாமாவின் உடலை மறுநாள் கொண்டுவந்தார்கள். படகையும் இழுத்து வந்தார்கள். தகவல் சொல்ல ஆள் வந்தபோது அந்தப் பானை குப்புறக் கிடந்ததை அத்தை பார்த்திருக்கிறார். அவ்வளவுதான். அதற்கு மேல் அவரிடம் யார் என்ன பேச முடியும்? நானும் பேசியதில்லை, வயிற்றில் பிள்ளை வரும்வரை.

வீட்டு ஆண்பிள்ளை கடலில் இல்லாத நாள் என்று ஒன்று இருந்தால் பரவாயில்லை. ஜெரி காசிமேட்டிலிருந்து லாஞ்சில், பெரிய விசைப்படகில், போகிறவர். போனால் நாட்கணக்கில் கடலிலேயே தங்கிப் பிடித்துவிட்டு வருவார்கள். அவருடைய தம்பி சாவியோ வேறொரு லாஞ்சு. அவர் வந்தால் இவன் போயிருப்பான், இவன் வந்தால் அவர் போயிருப்பார், சில நாள் இரண்டு பேருமே கடலில். இரண்டு பேரும் சேர்ந்தாற்போலக் கரையில் இருப்பது மீன்பிடித் தடைக்காலத்தில்தான். அப்போது அத்தை எல்லாப் பாத்திரத்தையும் ஆசை தீரக் கவிழ்த்துத் தேய்த்துக் காயவைப்பார். ஆனால் அது கத்திரி வெயில் காலம், கவிழ்க்காவிட்டாலும் ஒரு சொட்டு தங்காது. மழை பிடிக்கும் நேரத்துக்கு எல்லாம் கச்சிதமாக நிமிர்ந்துவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பாத்திரம் அந்தப் படகு. மாமாவின் ஃபைபர் படகு வீட்டுக்கு எதிரே, கரையை அலை அரிக்காமல் கல் கொட்டியிருக்கும் இடத்துக்கு முன்னால் நிற்கிறது. அதைத் தடைக்காலத்தில்கூடக் கவிழ்ப்பதில்லை. எஞ்சின் இல்லை, வலை இல்லை, தொழிலுக்குப் போவதும் இல்லை. ஐப்பசி மழை முழுக்க அதில்தான் இறங்கும். எட்டிப் பார்த்தால் பூச்சிப் புழு நெளியாமல் இருக்கவே இருக்காது. அதற்கு நேராக என் ஜன்னல்.

ஏழாம் மாதம் எனக்கு. தெருவில் காய்ச்சல். பக்கத்து வீட்டு கௌசரின் சின்ன மகளை டெங்கு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அந்தச் செய்தி வந்ததும் எங்கள் வீட்டில் என்னைக் காப்பாற்றுகிற வேலை தொடங்கியது. புழுங்கிச் சாகிற ராயபுரத்தில் எனக்கு முழுக்கை நைட்டி, காலில் சாக்ஸ். கையில் கொசு கிரீம், அதன் மேல் வேப்பெண்ணெய். கட்டிலைச் சுற்றி வலை, கட்டிலுக்கு அடியில் கொசுவத்தி. சாயங்காலமானால் அத்தை வேப்பிலைப் புகை போட்டு அறையைச் சாத்திவிடுவார். கொசு செத்ததோ இல்லையோ, நான் இருமி இருமிப் பாதி செத்தேன். இத்தனையும் இருட்டின பிறகு. டெங்கு கொசு பகலில் கடிக்கும் என்று ஸ்கேன் எடுத்த இடத்தில் சொல்லியிருந்தார்கள். அதை வீட்டில் சொன்னால், "பகல்ல எந்தக் கொசு கடிக்குது, கண்ணு தெரியாத கொசுவா?" என்று சாவியோ சிரித்தான்.

ஜெரி கடலுக்குக் கிளம்புகிற அன்று வாசலில் நின்று, "கொசு கடிக்காம பாத்துக்க ஜானட்டு" என்றார்.

"நானு இன்னா பாக்கறது? கடிக்கறதுக்கு மின்ன எங்கிட்ட கேட்டுகினா கடிக்குது? அந்தப் படகக் கவுத்து வெச்சிட்டுப் போ."

அவர் அம்மாவைப் பார்த்தார், படகைப் பார்த்தார், பையைத் தூக்கித் தோளில் போட்டார். "வந்து பாத்துக்கலாம்" என்றார். அந்தக் குடும்பத்து ஆம்பளைகள் புயலில் லாஞ்சு ஓட்டுவார்கள். அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசச் சொன்னால் மட்டும் வாயில் கொழுக்கட்டை.

ஜெரி போன மறுநாளே கார்குழலி வந்தாள். வீடு வீடாக வந்து தண்ணீர்த் தொட்டியில் டார்ச் அடித்துப் பார்த்து மருந்து ஊற்றுகிற மாநகராட்சி வேலை அவளுக்கு. வியாசர்பாடியிலிருந்து வருகிறாள். எங்கள் தெருவைக் கண்டாலே அவளுக்குத் தலைவலி என்று அவளே சொல்வாள். வாசலில் வாயைத் திறந்து நிற்கும் வாளிகளைத் தாண்டிப் போய்ப் படகுக்குள் டார்ச் அடித்தாள்.

"இன்னாமா இது, படகா, கொளமா? புழு எப்டி நெளியுது பாரு. வாயும் வயிறுமா ஒரு பொண்ண வெச்சிகினு இத்தப் போயி வாசல்ல வெச்சிகினு கீறியே. நாலு பேர இட்டாந்து கவுத்துடு. வேல முடிஞ்சிது."

"எங்க வூட்ல கவுக்க மாட்டோம்" என்றார் அத்தை.

"ஏன்?"

"எம் புள்ள கடல்ல கீறான்."

"நானு கொசுவப் பத்தி சொல்லிகினு கீறேன், நீ கடலப் பத்தி சொல்ற" என்று கார்குழலி என்னைப் பார்த்தாள். அவள் படகிலும் தண்ணீர் டிரம்மிலும் மருந்தை ஊற்றிவிட்டுப் போனாள். அவள் தெருமுனை திரும்புவதற்குள் அத்தை டிரம் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டார். சோறு மருந்து வாடை அடிக்குமாம். படகில் ஊற்றின மருந்தை அன்று பெய்த மழை கவனித்துக்கொண்டது.

நானும் சும்மா இருந்துவிடவில்லை. கவிழ்க்க வேண்டாம், இறைத்தாவது கொட்டலாம் என்றேன். அதற்கு அத்தை ஒத்துக்கொண்டார். தினமும் காலையில் படகில் ஏறி, வெட்டின எண்ணெய் கேனால் இறைத்து ஊற்றினார். அந்த வயதில் பாவம், இடுப்பைப் பிடித்துக்கொண்டு செய்தார். ஆனால் முன்பக்கத்துப் பலகைக்கு அடியில் கை போகாத இடத்தில் தண்ணீர் நின்றுகொண்டேயிருந்தது. தார்ப்பாய் போட்டு மூடினோம். தார்ப்பாய் நடுவில் தொங்கி, கீழே ஒரு குளம், மேலே ஒரு குளம் என்று ஆனது. கடைசியில் வாய் தவறி, "அடியில ஒரு ஓட்ட போட்டா தண்ணி தானா பூடும் அத்த" என்றேன்.

"படகுல ஓட்ட போட சொல்றியா?" என்று கேட்டார். அன்று அந்தோணியார் படத்துக்கு மெழுகுத்திரி ஒன்றுக்கு இரண்டாக எரிந்தது.

மறுநாள் எனக்குப் பொறுக்கவில்லை. வாசலில் இருந்த வாளியைக் கொட்டிக் கவிழ்த்தேன். அத்தை வந்து நிமிர்த்தினார். நான் மறுபடி கவிழ்த்தேன். அவர் மறுபடி நிமிர்த்தினார். ஒரு வாளிக்காக இரண்டு பொம்பளைகள் காலை முழுக்க வாசலுக்கும் வீட்டுக்கும் நடந்தோம். எனக்கு வயிறு தள்ளிக்கொண்டு மூச்சு வாங்கியதும் நிறுத்தினேன். வாளி நிமிர்ந்தே நின்றது. குத்துக்காலிட்டு உட்கார முடியாமல் அதன் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து மீன் ஆய்ந்தபோது, நல்ல வெளிச்சத்தில், சாக்ஸுக்கு மேலே ஏதோ சுருக்கென்றது. அடித்தேன். காலில் வரிவரியாக வெள்ளைக் கோடு போட்ட கொசு, உள்ளங்கையில் என் ரத்தத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் கொசுவேதான் என்று நான் சொல்ல மாட்டேன். எத்தனையோ கடித்திருக்கும். ஆனால் அந்த வாரமே காய்ச்சல் வந்தது. கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டை விரலால் அழுத்துகிற மாதிரி வலி. எலும்பெல்லாம் நொறுங்கியது. ரத்தப் பரிசோதனை செய்து டெங்கு என்று சொல்லி, பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். கட்டிலைச் சுற்றிக் கொசுவலை. கடிபட்டு வந்து படுத்திருப்பவளுக்கு எதற்கு வலை என்று கேட்டால், என்னைக் கடிக்கிற கொசு அடுத்த கட்டிலுக்குக் கொண்டுபோய்விடுமாம். இப்போது நானே ஒரு படகு ஆகிவிட்டேன்.

பார்க்க வந்தவர்கள் அவரவர் வைத்தியத்தோடு வந்தார்கள். பப்பாளி இலைச் சாறு கொடு, தட்டணு ஏறும் என்றாள் ஒருத்தி. வயிற்றுப் பிள்ளைக்காரிக்குப் பப்பாளியா, கலைந்துவிடும் என்று இன்னொருத்தி அவள் மேல் பாய்ந்தாள். என் தலைமாட்டிலேயே இரண்டு பேருக்கும் சண்டை முற்றி, நர்ஸ் வந்து இருவரையும் வெளியே அனுப்பினாள். டாக்டரம்மா மட்டும்தான் பயப்படும்படி பேசினார். தட்டணு இறங்கிக்கொண்டே போகிறது, இந்த நேரத்தில் வலி எடுத்தால் ரத்தப்போக்கை நிறுத்துவது கஷ்டம், உனக்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து என்றார். நான் கையை வயிற்றில் வைத்துக்கொண்டே கிடந்தேன். பிள்ளை அசைந்தால் நிம்மதி, அசையாத நேரமெல்லாம் நரகம். ஜெரிக்குத் தகவல் சொல்ல வழியில்லை. நடுக்கடலில் எந்த டவர் எடுக்கும்.

அத்தை கஞ்சி கொண்டுவந்தார். என் பாதத்தைப் பிடித்துவிட்டார். "டாக்டரு இன்னா சொன்னாங்கோ?" என்று கேட்டார். காய்ச்சலில் எனக்கு நாக்குக்குக் கடிவாளம் இல்லை.

"புள்ள கடல்ல கீறான், கடல்ல கீறான்னு சொல்லிகினே இருந்தீங்க. உங்க பேரப்புள்ள கரையில கீதே அத்த. அத யாரு பாக்கறது? இது செத்துப்போச்சின்னா அந்தப் படகுலயே வெச்சிப் பொதைங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. அத்தை என் பாதத்திலிருந்து கையை எடுத்தார். கஞ்சித் தூக்கை மூடினார். போர்வையைச் சரிசெய்தார். தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு அன்று முழுக்க நான் அழுதேன், பாதி அவர் மேல் கோபத்தில், பாதி என் மேல்.

அடுத்த நாள் கஞ்சி கொண்டுவந்தது கௌசர். அவள் மகள் தேறி வீட்டுக்கு வந்திருந்தாள். தூக்கைக்கூட வைக்காமல், "உங்க மாமியா இன்னா பண்ணாங்க தெரியுமாக்கா" என்று ஆரம்பித்தாள்.

அத்தை ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கரைக்குப் போய், வலை பின்னிக்கொண்டிருந்த ஆட்களைக் கூப்பிட்டிருக்கிறார். படகைக் கவிழ்க்க வேண்டும் என்றதும் யாரும் எழுந்திருக்கவில்லை. அவர்களும் கடலுக்குப் போகிறவர்கள்தானே. "ஜெரி கடல்ல கீறான்மா. வானிலை வேற செரியில்ல. அவன் வரட்டும்" என்று சொல்லியிருக்கிறார்கள். அத்தை அவர்களிடம் கெஞ்சவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தன் தோளை முட்டுக்கொடுத்துத் தனியாகவே படகைத் தள்ள ஆரம்பித்துவிட்டார். படகு எங்கே அசையும்? கால்தான் மணலில் வழுக்கியது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாமல் எல்லாரும் எழுந்து வந்தார்கள்.

"படகு கவுந்ததும் கொளம் ஒடஞ்ச மாதிரி தண்ணி வந்துச்சிக்கா. அவுங்க அப்டியே மணல்ல குந்திட்டாங்க. அப்பால வூட்டுக்குப் போயி வாளி, கொடம், டம்ளரு எல்லாத்தையும் ஒவ்வொண்ணா கவுத்தாங்க. ஒவ்வொண்ணத்துக்கும் ஜெரி அண்ணன் பேரச் சொல்லிகினே கவுத்தாங்க."

இதைத்தானே நான் கேட்டேன். கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டது. நியாயமாக எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். "வானிலை சரியில்லன்னா இன்னா?" என்றுதான் கேட்டேன். கடலில் ஏதோ தாழ்வு நிலையாம், எல்லா லாஞ்சும் கரைக்குத் திரும்பச் சொல்லி அறிவித்திருக்கிறார்களாம். ஜெரிக்குப் பின்னால் கிளம்பின சாவியோவின் லாஞ்சு முன்னாடியே வந்துவிட்டது, ஜெரியுடையது இன்னும் வரவில்லை என்றாள். எனக்கு எரிந்துகொண்டு வந்தது. வருஷக்கணக்கில் கவிழ்க்காத கிழவி, இன்றைக்குத்தானா கவிழ்க்க வேண்டும்?

தட்டணு மெல்ல ஏறியது. பிள்ளை உதைத்தது. ஆபத்து தாண்டிவிட்டது என்று டாக்டரம்மா சொல்லி வீட்டுக்கு அனுப்பினார். சாவியோ ஆட்டோவில் அழைத்து வந்தான். தெருமுனை திரும்பியதும் படகு தெரிந்தது. அடிப்பாகத்தில் பாசியும் உப்புக்கறையுமாகக் குப்புறக் கிடந்தது. மழை அதன் முதுகில் விழுந்து இரண்டு பக்கமும் வழிந்து மணலில் போய்க்கொண்டிருந்தது. ஒரு சொட்டு தங்கவில்லை. நான் கேட்ட மாதிரியே இருந்தது, எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அத்தை எனக்குச் சுடச்சுட ரசம் சாதம் பிசைந்து கொடுத்தார். அவர் சாப்பிடவில்லை. "நேத்தும் சாப்டல" என்றான் சாவியோ. ஒவ்வொரு லாஞ்சும் துறைமுகத்துக்குள் வரும்போது காசிமேட்டுக்கு ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாராம். ஒன்றும் ஆகாது அத்தை, பாத்திரத்துக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். எத்தனை முறை சொன்ன வாய். வரவில்லை. அவர் மறுபடி காசிமேட்டுக்குக் கிளம்பிப் போனதும், நான் தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவினேன். அலமாரியில் மற்ற டம்ளர்களெல்லாம் வரிசையாகக் குப்புற இருந்தன. என் கை அந்த ஒரு டம்ளரை நிமிர்த்தி வைத்தது. வைத்துவிட்டு யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

அத்தை திரும்பி வந்தபோது அதைக் கவனித்தார். என் முகத்தைப் பார்த்தார். டம்ளரை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

"ஒரு தபா முடிவு பண்ணா முடிவு பண்ணதுதான்" என்றார். "நீ போயி வலக்குள்ள படு."

ஜெரி மறுநாள் மதியம் வந்தார். எஞ்சின் பழுதாகி, இன்னொரு லாஞ்சு கட்டி இழுத்து வந்ததாம். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தோளில் பையோடு நடந்து வந்தவர் படகைக் கண்டதும் நின்றார். பை நழுவிக் கீழே விழுந்தது. அந்தப் படகு குப்புறக் கிடந்தால் அவருக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். வாசலுக்கு ஓடிவந்த அம்மாவிடம், "சாவியோ?" என்றார்.

"உள்ள தூங்கறான். ஒன்னும் இல்லடா. எல்லாரும் கீறோம்" என்று அத்தை அவர் முகத்தையும் தோளையும் தடவித் தடவிப் பார்த்தார். "ஒம் பொண்டாட்டிக்குத்தான் ஜொரம் வந்துச்சி, இப்ப பூட்ச்சி. நானுதான் கவுத்தேன்."

ஜெரி வாசல்படியில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அத்தை அன்றுதான் சாப்பிட்டார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் பக்கத்திலேயே இருந்தேன். ஆஸ்பத்திரியில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அவர், "ரசத்துல உப்பு தூக்கல், யாரு வெச்சது?" என்று கேட்டார். நான்தான் வைத்தேன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

லாஞ்சு சரியானதும் ஜெரி மறுபடி கடலுக்குப் போய்விட்டார். படகு குப்புறவே கிடக்கிறது. வாளி, அண்டா, குடம், எல்லாம் கவிழ்ந்திருக்கின்றன. கார்குழலி வந்து பார்த்துவிட்டு, தப்பான வீட்டுக்கு வந்துவிட்டேனா என்று கேட்டாள். ஆனால் அந்தோணியார் படத்துக்குக் கீழே, மாமா டீ குடித்த சின்ன எவர்சில்வர் டம்ளர் ஒன்று மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. ஜெரி கிளம்பின அன்று காலையில் அத்தை அதை அங்கே வைத்தார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

கூரை அந்த இடத்தில் கொஞ்சம் ஒழுகும். தினமும் காலையில் எழுந்ததும் போய் டம்ளருக்குள் பார்க்கிறேன். தண்ணீர் இருந்தால் கொட்டிவிட்டு, முந்தானையால் உள்ளே நன்றாகத் துடைத்து, நிமிர்த்தியே வைக்கிறேன்.